புதுப் பெட்டியில் பழைய ரெகுலேட்டர்

காலையில் எழுந்ததும் மோட்டார் போடுவேன். தொட்டி நிறைவதற்குள் பல் தேய்த்துவிடலாம். பிறகு பால் விடாத கட்டன்சாயா, இரண்டு துண்டு ரொட்டி. முன்பு டியூஷன் எடுக்கப் பைக்கில் போவேன். பைக் இப்போது உங்கள் ஸ்டேஷன் முற்றத்தில் கிடப்பதால் நடந்து போகிறேன். இன்று டியூஷனுக்குப் போகாமல் இங்கே வந்தேன். வேறு வித்தியாசம் இல்லை.

மெக்கானிக் ஷிஜுவை விட்டுவிடுங்கள் சார். பைக்கில் பழைய ரெகுலேட்டரையே திரும்ப மாட்டிவிட்டுப் புதியது என்று ஏமாற்றினான் என்றுதானே பிடித்து வைத்திருக்கிறீர்கள். வெளியே பெஞ்சில் இருந்தவன் என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். "அண்ணா, நீங்களாவது சொல்லுங்க" என்றான். சொல்கிறேன். நான் தமிழில் சொல்கிறேன், நீங்கள் மலையாளத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் மனைவி பின்சி நர்ஸ். ஜெர்மனிக்குப் போவதாக இருந்தாள். மொழிப் பரீட்சை ஒன்றுதான் பாக்கி. அதனால் ஒரு வருடமாக எங்கள் அடுக்களைச் சாமான்கள் எல்லாம் ஜெர்மன் பேசின. அந்த மொழியில் கரண்டி ஆணாம், முள்கரண்டி பெண்ணாம், கத்தி இரண்டும் இல்லையாம். "அப்போ நான்?" என்று கேட்டேன். "நீங்க கத்தியாக்கும். ரெண்டுலயும் சேராம மூலையில கெடக்கும். ஆனா கூர்மை உண்டு" என்றாள்.

நான் எம்.எஸ்ஸி. பிசிக்ஸ். அவள் ஒருநாளும் என்னை அனூஜ் என்று கூப்பிட்டதில்லை. புட்டுக்குழலில் ஆவி வராவிட்டால் "பிசிக்ஸ் சாரே, இங்க ஒரு பிரஷர் கணக்கு உண்டு, வாறியளா?" என்பாள். அவள் இருந்தவரை நான் தினமும் ஒரு முறையாவது சிரித்திருப்பேன்.

"நான் போயி ஒரு வருசத்துல உங்களையும் கூப்பிட்டிருவேன். அங்க ரோடெல்லாம் பனியாக்கும். பிசிக்ஸ் படிச்சவியளுக்கு வழுக்காது" என்றும் சொன்னாள். வெளிநாட்டு நர்ஸ்களின் கணவர்களைப் பாறசாலைச் சந்தையில் பார்த்திருக்கிறேன். நல்ல சட்டை போட்டிருப்பார்கள். காலையிலேயே வந்து, வாங்காத மீனுக்கு நெடுநேரம் விலை பேசுவார்கள். எனக்கு அப்படி நிற்க விருப்பம் இல்லை. அவளிடம் இதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் சிரித்திருப்பாள்.

பைக் இருவருக்கும் ஒன்றுதான். மழை விட்ட பிறகு அதன் பேட்டரி சார்ஜ் நிற்காமல் இறங்கிக்கொண்டே வந்தது. ஷிஜு பார்த்துவிட்டு ரெகுலேட்டர் போய்விட்டது என்றான். உள்ளங்கை அளவு அலுமினியக் கட்டி சார் அது. எஞ்சினில் உண்டாகும் கரண்ட்டைப் பக்குவப்படுத்தி பேட்டரிக்கு அனுப்பும். அவன் புதியதை மாட்டும்போது நான் எதிர்க்கடையில் சாயா குடித்துக்கொண்டிருந்தேன். பின்சி பக்கத்தில் நின்று அவனைக் கேலி செய்துகொண்டிருந்தாள். "எலே, போல்ட்டு மிச்சம் வந்தா எனக்க கம்மலுக்குத் தா" என்றது எனக்கும் கேட்டது.

மாற்றிய பழைய சாமானைப் புதியதன் பெட்டியில் போட்டு வண்டிக்காரர் கையில் கொடுப்பது ஷிஜுவின் வழக்கம். மாற்றியதற்கு அத்தாட்சி. அந்தப் பெட்டியை நான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

பரீட்சைக்கு முந்தின வாரம், இரவு டியூட்டி முடிந்து அவள் தூங்கிய ஒரு மதியத்தில், ரெகுலேட்டரின் இரண்டு போல்ட்டையும் கழற்றினேன். பழையதை மாட்டினேன். புதியதைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். வேலை சுத்தமாக இருந்தது.

பேட்டரி தீரவேண்டுமென்றால் சாவியை ஆன் செய்து விட்டாலே போதுமே என்று நீங்கள் கேட்கலாம். போதும். ஆனால் அப்படியென்றால் தப்பு என்னுடையது. ரெகுலேட்டர் என்றால் தப்பு ஷிஜுவுடையது. இதைப் பகையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவன் நல்ல பையன்.

கணக்கு சின்னதுதான். அன்று விடியும் முன்னே அவள் பாறசாலையில் ரயில் பிடிக்கவேண்டும். பட்டனை அழுத்துவாள், வண்டி அசையாது. கிக்கர் அடிக்க அவளுக்குத் தெரியாது. ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு எழுப்புவதற்குள் ரயில் போய்விடும், பரீட்சையும் போய்விடும். அடுத்த பரீட்சைக்குள் மனசு மாறாதா. வயிறு சரியில்லை என்று சொல்லி நான் கூடப் போகவில்லை. சமாதானப்படுத்துவதற்காக அடுப்பில் இரண்டு பேருக்குச் சாயாவுக்குத் தண்ணீர் வைத்தேன்.

பட்டன் ஒரு தடவை முனகி நின்றது. நான் வருத்தமான முகத்தோடு முற்றத்துக்கு வந்தேன். அவள் கிக்கரை வெளியே மடக்கி ஓங்கி மிதித்தாள். இரண்டாவது மிதியில் வண்டி பிடித்துக்கொண்டது. என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள்.

அந்த மாடலில் எஞ்சின் ஓட பேட்டரி வேண்டாம் சார். லைட்டுக்கும் ஹாரனுக்கும்தான் வேண்டும். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இதை நான் கேள்வியாகவே கொடுத்திருக்கிறேன்.

கல் ஏற்றும் டிப்பர் லாரிகள் பள்ளிக்கூட நேரத்தில் ஓடக்கூடாது என்பதால் விடியும் முன்பே ஓடும். வளைவில் என்ன நடந்தது என்று டிரைவர் உங்களிடம் சொல்லியிருப்பார். லைட் இல்லை, ஹாரன் இல்லை என்றார். அவர் சொன்னது உண்மை.

அடக்கத்தன்று ஷிஜு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "அண்ணா, நான் புதுசுதான் போட்டேன். பட்டன நம்பாதீங்க அக்கான்னு சொல்லி, கிக்கர் அடிக்கவும் அன்னைக்கு நான்தான் படிச்சுக் கொடுத்தேன்" என்றான். நான் அவன் முதுகில் தட்டி, "விடு மக்கா, மன்னிச்சாச்சு" என்றேன். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் போதகர் இதை எடுத்துச் சொன்னார். சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

எங்கள் சபையில் ஒரு பழக்கம் உண்டு. இறந்தவர் கடைசியாகச் சொன்ன வார்த்தையை நினைவு அட்டையில் அச்சடிப்பார்கள், பிறகு கல்லறையில் பொறிப்பார்கள். பின்சியின் அம்மா சுகிர்தபாய் மாமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அவ கடைசியா என்ன மக்கா சொன்னா?" என்று கேட்டார். "கர்த்தர் கூட உண்டுன்னு சொன்னா மாமி" என்றேன். மாமி அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். முகம் கொஞ்சம் தெளிந்தது. கல்லிலும் வெட்டியாயிற்று.

இதோ பெட்டி. உள்ளே இருப்பது ஷிஜு போட்ட புது ரெகுலேட்டர். ஒன்றும் ஆகவில்லை, யாருக்காவது உதவும். அவளைக் கொல்ல நான் நினைக்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு ரயில் தவறவேண்டும், அவ்வளவுதான்.

கல்லில் இருப்பதை அவள் உண்மையிலேயே சொன்னாளா என்கிறீர்கள். இல்லை.

வண்டி பிடித்ததும் லைட்டைப் போட்டாள். சுவரில் ஒரு மஞ்சள் வட்டம் விழுந்தது, கட்டன்சாயா நிறத்தில். அவள் அதைக் குனிந்து பார்த்தாள். "இதுக்கு என்ன, நேத்து முழுக்க டியூட்டி பாத்த நர்சு மாதிரி கண்ணு சொக்குது? இதோட போலாமா?" என்று கேட்டாள்.

போகாதே என்றால் ஏன் என்று கேட்பாள். வண்டியைப் பிரிப்பார்கள், பழைய ரெகுலேட்டர் வெளியே வரும். வழியில் வண்டி நின்றுவிடும் என்று நினைத்தேன் என்று உங்களிடம் சொல்லலாம். நிற்காது என்று எனக்குத் தெரியும். உள்ளே சாயாத் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. "ஓட ஓட சார்ஜ் ஏறும். லைட்டு தானா தெளிஞ்சிரும்" என்றேன்.

அவள் ஹெல்மெட் வாரை இழுத்து மாட்டினாள். சிரித்தாள்.

"பிசிக்ஸ் சாரு சொன்னா செரியாத்தான் இருக்கும்."