417-க்கு மட்டும் தெரியாத பட்டியல்

எனக்கு டைப்பிங் மெதுவாகத்தான் வரும் சார், இரண்டே விரல். அதனால் அடுத்தவர் எழுதி வைத்ததை எடுத்துப் பயன்படுத்துவதுதான் என் வழக்கம். இந்தத் தொழிலில் அது குற்றமில்லை. இணையப் பக்கத்தில் படம் நகர வேண்டும், பட்டியல் விரிய வேண்டும் என்றால் அதற்கெல்லாம் யாரோ எழுதிய நிரல் தொகுப்பு இருக்கிறது. லைப்ரரி என்போம். ஒரே வரியில் அதை நம் பக்கத்துக்குள் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

மந்தாரக்குப்பத்தில் என் பிரௌசிங் சென்டருக்கு எதிரில் ஓர் ஒப்பந்தத் தொழிலாளர் சங்கம். அவர்களுக்குப் பக்கம் செய்து கொடுத்தது நான்தான். தொழிலாளி தன் கேட் பாஸ் எண்ணைப் போட்டு உள்ளே போனால், பர்மனென்ட் வேலை நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவர்களின் எண்கள் வரும். வேறு கடிதமெல்லாம் கிடையாது. பெயர் போட்டால் சண்டை வருகிறது என்று செயலாளர் சிங்காரவேல் எண்ணோடு நிறுத்திவிட்டார். ஆனால் தன் படம் மட்டும் ஓட வேண்டும் என்றார். அவர் மீசை இடமிருந்து வலமாக நகர்வதற்காகத்தான் லைப்ரரியையே சேர்த்தேன்.

செங்குட்டுவன் நிலக்கரிச் சுரங்கத்தில், கரியைக் கொண்டுபோகும் பெல்ட் ஓரம் சிந்துவதை அள்ளிப் போடுகிறவன். பாஸ் எண் 417. ஷிஃப்ட் முடிந்ததும் நேராக என் கடைக்கு வருவான். நான் எதைச் சொன்னாலும் சிரிப்பான். என் மனைவி ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. அவள் போயும் ஒன்பது வருடமாகிறது. ஒருநாள் அவன், "பர்மனென்ட் ஆயிட்டா டவுன்ஷிப்ல குவார்ட்டர்ஸ் குடுப்பாங்கண்ணே. அப்புறம் இந்தப் பக்கம் வர வேலையே இல்ல" என்றான். சந்தோஷமாகத்தான் சொன்னான்.

அன்றே லைப்ரரியின் நகலை என் சர்வரில் வைத்து, அடியில் பதினொரு வரி சேர்த்தேன். உள்ளே வந்திருப்பவர் 417 என்றால் பட்டியலில் 417-ஐக் காட்டாதே. அவ்வளவுதான். மற்ற அறுநூறு பேருக்கும் பக்கம் ஒழுங்காக வேலை செய்தது. அதை யாரும் பாராட்டவில்லை.

இரண்டு வருடத்தில் மூன்று முறை அவனை அழைத்தார்கள். மூன்று முறையும் என் கடையில் உட்கார்ந்துதான் பார்த்தான். கடைசி முறை, அழுக்கு மறைக்கிறதோ என்று திரையைத் துடைத்துப் பார்த்தான். துணி கொடுத்தது நான்தான். மூன்று முறை அழைத்தும் நேர்காணலுக்கு வராதவர்களை பர்மனென்ட் வரிசையிலிருந்து நீக்குவது விதி, நீக்கினார்கள். திலகவதி, அவன் மனைவி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சேத்தியாத்தோப்பில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். ஒருநாள் ஓடுகிற பெல்ட்டை நோக்கி நடந்தவனைப் பிடித்திழுத்து வந்து என்னிடம்தான் ஒப்படைத்தார்கள். அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அன்று இட்லி வாங்கி ஊட்டியதும் நான்தான்.

திலகவதிதான் கண்டுபிடித்தாள். அவள் அண்ணன் சிலம்பரசனும் அதே சங்கம். அவன் எண்ணில் நுழைந்து பழைய பட்டியல்களைப் பார்த்திருக்கிறாள். மூன்றிலும் 417 இருந்தது. புருஷனைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்து, போனை என் முன்னால் வைத்தாள்.

"இவரு பார்த்தா மட்டும் நம்பரு காணாம பூடுது. எப்படிண்ணே?"

நான் விளக்கினேன். பொய் சொல்லவில்லை. செங்குட்டுவன் சிரிக்கவில்லை.

"தெனம் பக்கத்துலயே உக்காந்துகினு இருந்தியேண்ணே" என்று மட்டும் சொன்னான்.

ஆமாம் சார், செய்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். புகாரில் அவன் கையெழுத்தே இருக்கிறது என்கிறீர்கள். இருக்கட்டும், அவள் போடச் சொல்லியிருப்பாள். என்மேல் அவனுக்கு உண்மையிலேயே கோபம் இருந்திருந்தால் அங்கேயே என்னை அடித்திருப்பானே.