அஞ்சாவது கிண்ணம்

ஆம்புலன்சுல ஏத்துறப்பப் பாத்ததுதான் டீச்சர், உங்களுக்கு முன்ன இங்க இருந்த ரோசலின் டீச்சர நான் கடைசியா உசுரோட பாத்தது. பிள்ளைக அம்புட்டுப் பேரும் வெளிய வந்துருச்சா, எண்ணிப் பாருங்க தங்கமுத்தண்ணேன்னாங்க. நாலாம் நாளு மதுர ஆஸ்பத்திரியில போயிட்டாங்க. ஆறு வருசமாச்சு.

அவங்க கவனக்குறைவுன்னு நீங்களும் சொல்லாதீங்க. எங்க கேள்விப்பட்டீங்க? ம். அப்படித்தான் எல்லாரும் சொல்றாக.

செத்த நேரம் அந்தத் தீப்பெட்டிய இங்கிட்டுக் குடுங்க. லேபிள் போன டப்பாவுல என்ன இருக்குன்னு எரிச்சுப் பாக்கப் போறீங்க, அம்புட்டுத்தான? எரிங்க, வேணாங்கல. கேட்டுட்டு எரிங்க. இந்த லேபுக்கு அட்டெண்டரா வந்து எனக்கு இருபத்தாறு வருசம்.

அன்னைக்கு இதே மேசையில அஞ்சு கிண்ணம். ஒவ்வொண்ணுலயும் ஒரு உப்பு, மேல ஸ்பிரிட்டு. சன்னலச் சாத்திட்டுப் பத்த வச்சாங்க. தீயோட கலரப் பாத்து எந்த உப்புன்னு பிள்ளைக சொல்லணும். பச்சையா எரிஞ்சதும் காப்பருன்னு கத்துதுக. செவப்பு, ஸ்ட்ரான்சியம். கத்தரிப்பூ கலரு ஒண்ணு, அது பொட்டாசியம். மஞ்சளப் பாத்துட்டு ஹரிணின்னு ஒரு சின்னாளபட்டிப் பிள்ள, உல பொங்கி அடுப்புல வழிஞ்சா இதே கலருதான் டீச்சர், சோத்து உப்புன்னுச்சு. பரவால்ல, நீயும் அடுப்படிப் பக்கம் போறியான்னாங்க. ஒரே சிரிப்பு.

அஞ்சாவது மட்டும் பிடிபடல. மங்கலா எரிஞ்சுச்சு. அதுக்குள்ள பொகையில பிள்ளைக இருமுதுக, நான் போயிச் சன்னலத் தொறந்து விட்டேன். மேசை பூராம் வெயிலு.

ஸ்பிரிட்டுத் தீ வெயில்ல கண்ணுக்குத் தெரியாது டீச்சர். மேல கையக் காட்டுனாத்தான் சூடு தெரியும். எனக்கு அது நல்லாத் தெரியும்.

அவங்க போர்டுல எழுதிக்கிட்டு இருந்தாங்க. திரும்பாமலே கேட்டாங்க, அண்ணே, அஞ்சாவது அணைஞ்சிருச்சா, இன்னொருக்கா ஊத்திப் பத்த வைப்போம்னு.

இல்ல, கைய வச்சுப் பாக்கல. நின்ன எடத்துலருந்தே பாத்தேன். அணைஞ்சிருச்சு டீச்சர்னேன். அவங்க வந்து ஸ்பிரிட்டுக் கேனச் சாச்சாங்க. குப்புன்னு தீ கேனுக்கே ஏறிருச்சு. பிள்ளைக மேல படாம குறுக்கயே நின்னாங்க.

எம்பொண்டாட்டி அங்கம்மா சாகுற வரைக்கும் இத அவகிட்டகூடச் சொல்லல.

விசாரணைக்கு வந்தவுக என்கிட்டயும் கேட்டாக. தீ இருக்கான்னு பாக்காம டீச்சரே ஊத்திட்டாங்கன்னு எழுதி, வாசிச்சுக் காட்டுனாக.

அந்த ரிப்போட்டு ஆபீஸ் பீரோவுல இருக்கு. சாட்சின்னு கீழ இருக்கது என் கையெழுத்து.