ரெண்டாவது புகைபோக்கி

வாங்க தம்பி, கிட்ட வந்து உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. புதுத் தலைவரைத் தம்பின்னு கூப்பிடலாமோ என்னமோ, வாய் பழகிப்போச்சு, மனசுல வச்சுக்காதீங்க. மத்தவங்க வர நேரமாகும். சுற்றுச்சூழல் ஆலோசனைக் குழுன்னு பேருதான் பெருசு, சொன்ன நேரத்துக்கு ஒருத்தரும் வந்ததில்ல.

இல்லீங்க, அந்த விஷயத்தைப் பட்டியல்லருந்து நான் எடுக்க முடியாது. அது எங்க அண்ணி போட்ட விஷயம். அண்ணன் சம்சாரம். என்னை இந்தக் குழுவுக்கு இழுத்துட்டு வந்ததே அவங்கதான். குப்பை எரிக்கிற கிடங்குல ரெண்டாவது புகைபோக்கி வேண்டாம், அதான் விஷயம். போட்டவங்கதான் எடுக்கணும்னு விதி இருக்கே, படிச்சிருப்பீங்களே.

விதியா? அது வந்த கதையைக் கேளுங்க, சிரிப்பா இருக்கும்.

அண்ணி தையல்காரி. கிடங்குக்குப் பின்னாடிதான் எங்க தெரு. அதனால வெள்ளைத் துணி மட்டும் தைக்க வாங்க மாட்டாங்க. நர்சம்மா உடுப்போட வந்தா, தச்சுத் தர்றேன், ஆனா சாம்பல் கலர்லதான் திரும்பி வரும், பரவாயில்லையான்னு கேப்பாங்க. அந்தம்மாவும் சிரிச்சுட்டுப் போயிடும். வீட்டுக்குள்ள சிரிப்பு இல்ல. அண்ணன் பொண்ணுக்கு நெஞ்சு இழுக்கும். தலகாணிய அடுக்கி, சாய்ஞ்சு உக்காந்தேதான் தூங்கும். ஒரு புகைபோக்கிக்கே இந்தக் கதி.

சரி, குழுவுக்கு வர்றேன். ஆரம்பத்துல இங்க ஒரே பேச்சுதான். நாம யாரு, நம்ம வேலை என்ன, எதை முதல்ல பாக்கிறது. உங்களுக்கு முன்னாடி இருந்த தலைவர் காலேஜுல பாடம் எடுத்தவர், பேச ஆரம்பிச்சா மணி அடிச்சாத்தான் நிறுத்துவார். இங்க மணியும் இல்ல. நம்ம வேலை யோசனை சொல்றது, நிறுத்துறது இல்லம்மான்னு அண்ணிக்குப் பாடம் எடுத்தார். அண்ணி ரொம்பப் பணிவா, சரிங்கய்யா, நாம சொல்லி முடிக்கிற வரைக்குமாவது நகரசபை காத்திருக்குமா, இல்ல பாதிப் பேச்சுலயே எந்திரிச்சுப் போயிடுமான்னாங்க. அவருக்குச் சுருக்குன்னு பட்டுடுச்சு. அதெப்படிப் போவாங்க, குழுவுல பேச்சு முடியாத விஷயத்துல நகரசபை கை வைக்கக் கூடாதுன்னு அவரே எழுதினார். நகரசபையும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுச்சு. இவங்க என்னத்தப் பெருசாப் பேசிடப் போறாங்கன்னு நினைச்சிருப்பாங்க.

அடுத்தது, எதுக்கு முதல் இடம்னு சண்டை. மரக்காரர்னு ஒருத்தர், எதைக் கேட்டாலும் மரம் நடுங்கம்பார். இன்னொருத்தர் காது டாக்டர், சத்தத்தைக் குறைக்கணும்னு சத்தம் போடுவார். மரக்காரர் போட்டதை டாக்டர் ஆளைச் சேத்துக்கிட்டு எடுத்துடுவார், டாக்டர் போட்டதை மரக்காரர் எடுத்துடுவார். ஒருநாள் சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போயிடுச்சு. அண்ணிதான் நடுவுல பூந்தாங்க. எதுக்குங்க சண்டை, போட்டவங்களே எடுத்தாத்தான் எடுத்த மாதிரி, போட்டவங்க வந்து விளக்கம் சொன்னாத்தான் பேச்சு முடிஞ்ச மாதிரின்னு வச்சுக்குவோமேன்னாங்க. ரெண்டு பேரும், ஆகா, என் விஷயம் பத்திரம்னு உடனே கை தூக்கினாங்க. அண்ணிக்குக் கும்பிடு வேற.

வீட்டுக்குப் போறப்ப கேட்டேன், என்னண்ணி, பஞ்சாயத்தெல்லாம் பலமா இருக்கேன்னு. மடிப்புக்குள்ள கொஞ்சம் துணி விட்டுத் தச்சிருக்கேன், பின்னால பிரிச்சுக்கலாம்னாங்க. எனக்கு அப்பப் புரியல.

என்னங்க? ஆமா, ஒவ்வொரு கூட்டத்துலயும் முதல்ல அதைத்தான் கூப்பிடுவாங்க. எழுத்தர் அண்ணி பேரைப் படிச்சுட்டு என்னைப் பார்ப்பார். அவங்க வரலைன்னு நான் சொல்லுவேன். வரவில்லைன்னு எழுதிக்குவார். அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிடுவாங்க. பேச்சு முடியல, அதனால நகரசபை புகைபோக்கிக்கு ஒரு செங்கல் கூட வைக்க முடியல. அதை முடிச்சு வைக்கத்தான் உங்களை உக்கார வச்சிருக்காங்கன்னு எனக்கும் தெரியும் தம்பி. உங்களைக் குத்தம் சொல்லல.

வீட்டுல போய்ப் பேசிப் பாக்கிறீங்களா? போங்க. அண்ணன் இருப்பார். மெஷினுக்கு எண்ணெய் விட்டுத் துடைச்சுட்டு இருப்பார். ஊசியில கறுப்பு நூல் கோத்தபடியே நிக்குது, அதை எடுக்க விடமாட்டேங்கிறார். அண்ணிகிட்ட பேச முடியாதுங்க. அவங்க இறந்துட்டாங்க. உங்ககிட்ட யாரும் சொல்லலையா?

உக்காருங்க, எதுக்கு எந்திரிக்கிறீங்க? நான் நல்லாத்தான் இருக்கேன். அன்னிக்கும் அப்படித்தான். எல்லாரும் போனப்புறம் பாத்திரமெல்லாம் தேய்ச்சுக் கவுத்துட்டுப் படுத்துட்டேன். அழுகை வரும் வரும்னு பாக்கிறேன், வரவே இல்ல.

பொய்யா? என்ன பொய் சொன்னேன்? வரலைன்னேன். வரலதானே. போட்டவங்க செத்துட்டா என்ன பண்றதுன்னு விதியில ஒரு வரி இல்ல. எழுதினவங்க எல்லாம் சாகாவரம் வாங்கினவங்க போல. சேக்கணும்னா இப்பச் சேருங்க. ஆனா பழைய விஷயத்துக்குப் புது விதி செல்லாதுன்னும் ஒண்ணு இருக்கு. அதுவும் அண்ணி கேட்டு எழுதினதுதான்.

கடைசியா அவங்க வந்த கூட்டம் இந்த அறையிலதான். அந்த சன்னல்கிட்ட உக்காந்தாங்க. முந்தின நாள் ஆஸ்பத்திரியில அவங்களைப் பாத்த டாக்டர் இனிமே செய்ய ஒண்ணும் இல்லைன்னு கையை விரிச்சுட்டார். அது அப்ப எனக்கும் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது. எனக்குத் தெரிஞ்சதெல்லாம், ஒவ்வொரு படியிலயும் நின்னு நின்னு ஏறினாங்க. கை தூக்கிப் புகைபோக்கி விஷயத்தைப் போட்டாங்க. பழைய தலைவர், விளக்கம் சொல்லுங்கம்மான்னார். அண்ணி எந்திரிச்சாங்க. எல்லாரையும் ஒரு சுத்துப் பார்த்தாங்க. மரக்காரர், டாக்டர், எழுத்தர், நான்.

இன்னிக்குத் தொண்டை கொஞ்சம் சரியில்லைங்கய்யா, அடுத்த கூட்டத்துல வந்து விளக்கமாச் சொல்றேன்னு சொல்லிட்டு, முந்தானையை இழுத்து விட்டுக்கிட்டு உக்காந்துட்டாங்க.