பன்னிரண்டு முகங்களைப் பார்க்காமல் இருந்த டாக்டரம்மாவுக்கு

கீங்... கீங்... கீங்...!

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு இரண்டாம் மாடிக் குளிரறையில் அந்த அலாரம் அலறியபோது, நாங்கள் கீழே உட்கார்ந்து உங்கள் பணிநிறைவுக்கான இந்த விழாவுக்கு எத்தனை நாற்காலி வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தோம். நாங்கள் எழுந்திருப்பதற்குள் நீங்கள் எங்களைத் தாண்டி ஓடினீர்கள். ஒரு செருப்பு முதல் மாடியிலேயே கழன்று கிடந்தது. மைனஸ் எண்பதில் இருக்க வேண்டிய ஃப்ரீசர் மைனஸ் அறுபத்தொன்றில் நின்றது. கையோடு கை மாற்றி நாற்பது நிமிடத்தில் நூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளையும் அடுத்த ஃப்ரீசருக்குக் கொண்டுபோனோம். சிறுநீர் மாதிரி உறைந்திருந்த ஒரு குழாய்கூட உருகவில்லை.

மூச்சு வாங்கிக்கொண்டே நம் எலெக்ட்ரீசியன் கேட்டார்: "ஏம்மா, இத்தனை வருஷத்துல எங்க மூஞ்சியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருப்பீங்களா? ட்யூபுக்கு மட்டும் இப்படி உசுரை விடுறீங்களே!"

நீங்கள் செருப்பை எடுக்கக் கீழே போய்விட்டீர்கள். அப்போது நம் புள்ளியியலாளர் கதவைச் சாத்திவிட்டு எங்களிடம் ஒரு விஷயம் சொன்னார். அதைக் கேட்ட பிறகு, ஏற்கெனவே எழுதி வைத்திருந்த மடலை ஓரமாக வைத்துவிட்டு இதை எழுதுகிறோம்.

ஆராய்ச்சியையே ஆயுளாக்கிய அம்மையீர்!

முப்பத்தோர் ஆண்டுகள் இந்த ஆய்வகத்தில் உழைத்தீர்கள். ஆண்கள் வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற புராஸ்டேட் சுரப்பியை ஒரு பெண் எதற்காக எடுத்துக்கொண்டார் என்று கேட்டவர்களுக்கு, "அவங்கதான் பேச மாட்டேங்கறாங்களே, யாராவது பேசணும்ல" என்று ஒரே வரியில் முடித்தீர்கள். வழக்கமான ரத்தப் பரிசோதனை சுரப்பி வீங்கினாலும் ஏறும், கிருமி தொற்றினாலும் ஏறும். புற்றுநோயே இல்லாத எத்தனையோ பேர் அந்த ஓர் எண்ணைப் பார்த்துப் பயந்து, ஊசிக்கும் சதைப் பரிசோதனைக்கும் உடம்பைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். வேறு சிலருக்கோ எண் சாதுவாக இருக்கும், நோய் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். சிறுநீரில் நோய் விட்டுச்செல்லும் நுண்ணிய தடயங்களை, நீங்கள் உயிர்க்குறிப்பான்கள் என்று சொல்லிக்கொடுத்தவற்றை, வைத்து இந்த இரண்டையும் பிரித்தறிய முடியுமா என்பதுதான் உங்கள் கேள்வி. இன்னும் பெரிய ஆய்வுகள் பாக்கி இருக்கின்றன என்று நீங்களே எங்களைக் கடிந்துகொள்வீர்கள் என்பதால், அதைப்பற்றி இங்கே பெருமையடிக்கவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்கள் வேண்டும் என்று ஏழு வருடத்துக்கு முன் நோட்டீஸ் ஒட்டினீர்கள். வெளியிலிருந்து ஓர் ஆள் வரவில்லை. கடைசியில் நாற்பத்தைந்தைத் தாண்டிய நாங்கள் பன்னிரண்டு பேர், இந்தக் கட்டடத்துக்குள்ளேயே வேலை பார்க்கிறவர்கள், மனமுவந்து பேர் கொடுத்தோம். முதல் நாள் எலெக்ட்ரீசியன், "அம்மா, லைன்ல ஏதும் லீக்கேஜ் இருக்காதே?" என்று கேட்டதும், "லீக்கேஜ்னா பிளம்பரைக் கூப்பிட்டுக்கறேன், நீங்க போய்த் தண்ணி குடிச்சுட்டு வாங்க" என்று நீங்கள் விரட்டியதும் இன்றும் எங்கள் சிரிப்பில் இருக்கிறது. அப்போதெல்லாம் மதியச் சாப்பாட்டுக்கு எங்களோடு நீள மேஜையில்தான் உட்காருவீர்கள். அடுத்தவர் டப்பாவில் கேட்காமல் கைவைக்கும் உரிமை உங்கள் ஒருவருக்குத்தான் இருந்தது.

பிறகு ஒரு திங்கட்கிழமை நீங்கள் வரவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு குளிரறையின் முன்னறைக்குப் போய்விட்டீர்கள். அதற்கப்புறம் வரவே இல்லை. வராந்தாவில் எதிரே வந்தால் தரையைப் பார்த்தீர்கள். பேசியே ஆகவேண்டும் என்றால் எங்கள் சட்டைப் பாக்கெட்டைப் பார்த்துப் பேசினீர்கள். தலைக்கனம் என்றோம். பெரிய மாநாட்டில் கைதட்டு வாங்கிவிட்டார், இனி நம்மோடு உட்காருவாரா என்றோம். உங்களுக்கு 'மைனஸ் எண்பது' என்று பட்டப்பெயர் வைத்தோம். அது உங்கள் காதுக்கும் வந்திருக்கும். இதோ, சபையறிய ஒப்புக்கொள்கிறோம்.

புள்ளியியலாளர் சொன்னது இதுதான். குழாய்களில் எங்கள் பெயர் கிடையாது, எண் மட்டும், அதுவும் நோயாளிகளோடு கலந்த வரிசையில். எந்த எண் யார் என்ற பதிவேடு அவருடைய பூட்டிய அலமாரியில். முதல் கட்ட முடிவில், நோயில்லாதவர் குழுவில் முப்பத்தேழாம் எண்ணின் அளவு தப்பாக ஏறியிருப்பதைப் பார்த்தீர்கள். அந்தக் குழுவில் இருந்ததே நாங்கள் பன்னிரண்டு பேர்தான். வருடாந்தர ரத்தப் பரிசோதனையில் அத்தனை பேரும் தேறியிருந்தோம். ஆக, எங்களில் ஒருவருக்கு உள்ளே நோய் இருக்கலாம் என்று சந்தேகப்பட்ட ஒரே ஜீவன் நீங்கள். யார் என்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் கூடாது. நிரூபிக்கப்படாத சோதனையை வைத்து யாரையும் பயமுறுத்தக் கூடாது என்பது ஆய்வின் விதி.

மூன்று முறை திரும்பச் சோதித்தீர்கள். மூன்று முறையும் அதே முடிவு. நெறிமுறைக் குழுவிடம் போனீர்கள், மறுத்தார்கள். அடுத்த கூட்டத்துக்கும் போனீர்கள், தள்ளிவைத்தார்கள். "நாளைக்கு அவர் வந்து, தெரிஞ்சும் ஏன் சொல்லலைன்னு கேட்டா, உங்க விதியைக் காட்டவா, என் மூஞ்சியைக் காட்டவா?" என்று மூன்றாவது கூட்டத்தில் கேட்டீர்களாம். ஏழு மாதம் கழித்து அனுமதி கிடைத்தது. பதிவேட்டைப் புள்ளியியலாளர் திறந்தார். சிறுநீரியல் மருத்துவர் அந்த ஒருவரை மட்டும் அழைத்துச் சொன்னார். ஸ்கேனில் தெரிந்தது. நேரத்தில் அறுவைசிகிச்சை நடந்தது.

அது யார் என்று நீங்கள் கேட்கவில்லை. எங்கள் குழாய்கள் இன்னும் பல வருடம் உங்கள் கைக்கு வர வேண்டியிருந்தன. ஆள் தெரிந்தால், ஏன், ஊகித்தால்கூடக் கண்ணும் கையும் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று சொன்னீர்களாம். "மேஜையில உக்காந்தா யார் இளைச்சிருக்காங்க, யாருக்கு ஒரு வாய் குறையுதுன்னு பார்க்கத் தோணும். பார்க்காம இருக்க எனக்கு வராது. அதனால வரலை."

ஏழு மாதம் பயத்தில் தனியாகச் சாப்பிட்டீர்கள். மிச்ச வருடங்கள் நேர்மைக்காகத் தனியாகச் சாப்பிட்டீர்கள்.

தன்னந்தனியே தராசு பிடித்த தகைமையீர்!

உங்கள் பணிக்கோப்பில் 'அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும்' என்ற இடத்தில், 'குளிரறை, உள்ளிணைப்பு 214' என்று எழுதியிருக்கிறீர்கள். விழாவுக்கு வீட்டாரை அழைக்கலாம் என்று தேடியபோதுதான் பார்த்தோம். அந்த அறையில் நீங்கள் இருந்தால் நீங்கள்தான் எடுப்பீர்கள். நீங்கள் இல்லாவிட்டால் எடுக்க ஆளே கிடையாது.

எப்படியோ உங்கள் அக்காவின் எண் கிடைத்தது. இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். மதியம் ஒன்றேகாலுக்கு டப்பா மூடியில் போனைச் சாய்த்துவைத்து நீங்கள் பேசுவதைக் கண்ணாடி வழியே பார்த்து, யாரோ பெரிய இடம் என்று நினைத்திருந்தோம். "பெரிய இடமா? நான்தாங்க அது" என்று சிரித்தார் அக்கா. "எனக்குக் காது மந்தமாகி மூணு வருஷமாச்சு. அவ சொல்றதுல பாதி விழறதில்லை. ஆனா தட்டு காலியாகுற வரைக்கும் போனை வைக்க மாட்டா. நானும் உம் கொட்டிட்டே இருப்பேன்."



போன மாதம் ஆய்வு முடிந்தது. எண்களெல்லாம் சரிபார்த்துப் பூட்டியாயிற்று. இனி யாரைப் பார்த்தாலும் எதுவும் கெட்டுப்போகாது. செவ்வாய்க்கிழமை, புள்ளியியலாளர் சொல்லி முடித்ததும் நாங்கள் பன்னிரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஓய்வுபெற்றுப் போன மூவரும் நாற்காலி விஷயமாக அன்று வந்திருந்தார்கள். ஒருவர் மெதுவாகக் கையைத் தூக்கினார். இத்தனை வருடம் எங்கள் தோளோடு தோள் உரசி உட்கார்ந்து சாப்பிட்டவர். வேறேதோ ஆபரேஷன் என்று லீவு எழுதிவிட்டுப் போய்வந்தவர். அது என்ன ஆபரேஷன் என்று இங்கே சொல்ல மாட்டோம். சொன்னால் அடுத்த நொடி ஆளைப் பிடித்துவிடுவீர்கள். அந்த லீவுக்காக நாங்கள் அவரைக் கேலி செய்யாத நாளில்லை. மனைவியைத் தவிர யாரிடமும் அவர் மூச்சுவிடவில்லை. உங்களுக்கு எல்லாம் தெரியும் என்றும், தெரிந்ததால்தான் தன் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டு எழுந்து போய்விட்டீர்கள் என்றும் நினைத்திருந்தாராம். தன்னால்தான் அம்மா மேஜையை விட்டுப் போனார் என்று அவரும் தனியாகக் குமைந்திருக்கிறார். ஒரே கட்டடத்தில், ஒரு சுவர் தள்ளி, இரண்டு பேர்.

அம்மா! உடல்நலமும் மனநிறைவும் குறையாமல் நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும். உங்கள் கண்டுபிடிப்பு பெரிய சோதனைகளிலும் தேறி, வெளியே சொல்லக் கூசி வராந்தா பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஆண்களுக்கு உதவ வேண்டும். நீங்கள் நிமிர்ந்து நடக்க வேண்டும். எதிரில் வருகிறவர் முகத்தை ஆசைதீரப் பார்க்க வேண்டும்.

இம்மடலில் ஆய்வக ஊழியர்கள் அனைவரும், அந்தப் பன்னிரண்டு பேரும், வரிசை பார்க்காமல் கையொப்பமிட்டிருக்கிறோம். இன்று மதியம் அதே நீள மேஜையில், நடுவில் உங்களுக்கும் அக்காவுக்கும் இடம் போட்டிருக்கிறோம். கையெழுத்துப் போட்டு முடித்ததும் அந்த ஒருவர், உங்களிடம் இதைச் சொல்லிவிடும்படி எங்களிடம் சொன்னார்:

"நான் நல்லா இருக்கேன்னு மட்டும் அம்மாகிட்ட சொல்லுங்க. யாருன்னு கேட்டா, பக்கத்துல வந்து உக்காந்து என் டப்பாவுல கை வைக்கட்டும், அப்ப சொல்றேன்னு சொல்லுங்க."