நடுவில் வைக்க ஒரு டிராக்பேட்

ஈப்போ நகரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் பணம் கட்ட வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் ஒரு கையில் மௌஸும் மறு கையில், மௌஸுக்குப் பதிலாக விரலால் தடவும் டிராக்பேடும் வைத்துக்கொண்டு நண்பரிடம் சொன்னார்:

“மௌஸை எடம் மாத்தி வச்சே என் பொண்டாட்டிய வேலைய விட்டுத் தொரத்திட்டேன் மச்சான்.”

“என்னலா சொல்ற?”

“அவ இடது கைக்காரி. எங்க அச்சுக் கடையில கல்யாணப் பத்திரிகை எல்லாம் அவதான் கம்ப்யூட்டர்ல செய்வா. நல்ல காரியத்துக்கு இடது கையா, பாக்குறவங்க என்ன நெனைப்பாங்கன்னு, தெனமும் மௌஸைத் தூக்கி வலது பக்கம் வச்சிடுவேன்.”

“அவங்க ஒண்ணும் சொல்லலியா?”

“சொல்லல. தடுமாறித் தடுமாறிச் செஞ்சா. மெதுவா செய்யிறியேன்னு அதுக்கும் ஏசினேன். இப்ப கமுந்திங் ஊருல ஒரு பேக்டரிக்கு வேலைக்குப் போறா.”

“இந்த டிராக்பேட் எதுக்கு?”

“அவ திரும்ப வந்தா இதை நடுவுல வச்சிடலாம். எந்தக் கையின்னு பேச்சே வராது.”

“பெரிய கண்டுபிடிப்புலா! மௌஸை இருந்த எடத்துலயே விட்டிருந்தா சும்மாவே முடிஞ்சிருக்கும்.”

அவர் டிராக்பேடைத் திருப்பி விலையைப் பார்த்தார். நண்பரே தொடர்ந்தார்:

“சரி, எது வேணும்னு அவங்ககிட்டக் கேட்டியா?”

“காலையில கேட்டேன். பேக்டரி பஸ்ஸுக்குக் கெளம்பிக்கிட்டு இருந்தா. ‘இனிமே நீங்கதானே அங்க உக்காரப் போறீங்க, உங்க கைக்கு எது வசதியோ அதை வாங்குங்க’ன்னுட்டா.”

வரிசை நகர்ந்தது. அவர் போய் டிராக்பேடை அலமாரியில் திருப்பி வைத்துவிட்டு வரும்வரை, நண்பர் அவர் இடத்தைப் பார்த்துக்கொண்டார்.