பிராண்டே ரயிலில் ஒரு டென்மார்க்காரர்

இலங்கையில் யுத்தம் முடிந்த வருடம், டென்மார்க்கில் பிராண்டே போகும் ரயிலில் எனக்கு முன்னால் இரண்டு தமிழர்கள். இளையவரை அங்குள்ள காற்றாலைத் தொழிற்சாலை சீனாவுக்கு அனுப்பியிருந்தது. விடுமுறையில் வந்திருந்தார்.

“சீனாவிலை குடிபோன அண்டைக்கே பக்கத்து வீட்டு மனிசி நேரா குசினிக்குள்ளை வந்து சட்டியைத் திறந்து பாக்கிறா, அண்ணை. எந்த நாடு எண்டு கேட்டா. டென்மார்க் எண்டன்.”

“நம்பிட்டாவோ?”

“ஓம். இப்ப முழுத் தெருவுக்கும் நான் டென்மார்க்காரன்தான்.”

மூத்தவர் சிரித்தார். “இஞ்சை பக்கத்து வீட்டுக்காரன் எப்பிடி?”

“இவ்வளவு வருசத்திலை நேற்றுத்தான் முதன்முதலா கதவைத் தட்டினவன்.”

“என்னவாம்?”

“உங்கடை நாட்டிலை சண்டை முடிஞ்சுதே, எப்ப போறியள் எண்டு கேட்டான்.”

“நீ என்ன சொன்னனீ?”

“வாற திங்கள் எண்டன். சீனாவுக்கு எண்டு சொல்லேல்லை. பின்னேரம் கேக் கொண்டுவந்து தந்தவன்.”