கௌசிகா ஏன் அழவில்லை

பின்னால நிக்கிறவங்க முன்னால வந்து உக்காருங்க... ஒரு குட்டிக் கதை சொல்லிட்டு உங்களை விட்டுடறேன்.

ஒரு பெரியாஸ்பத்திரி. குழந்தைங்க வார்டு. அங்க கௌசிகான்னு எட்டு வயசுப் பிள்ளை. தொடையில தீக்காயம். தினமும் கட்டுப் பிரிச்சு மருந்து போடணும். மீசை வெச்ச ஆம்பளையே கத்திடுவான். இந்தப் பிள்ளை... ஒரு சத்தம் கிடையாது. சுவத்தைப் பாத்துக்கிட்டு காலை நீட்டும். "கௌசிகா எவ்வளவு சமத்து பாருங்க"ன்னு வார்டே மெச்சுச்சு.

பத்து நாள் ஆச்சு. சமத்துப் பிள்ளை சோத்தை ஒதுக்குது. தூக்கம் இல்ல. பேச்சும் நின்னு போச்சு. காயம் ஆறுது... பிள்ளை கரையுது. பெத்தவ கலங்கிட்டா.

மனநல டாக்டரம்மா வந்தாங்க. பிள்ளைகிட்ட ஒண்ணும் கேக்கல. கட்டில்ல உக்காந்து ஒரு பொம்மை காலுக்குக் கட்டுப் போட்டாங்க. "பாவம், இதுக்கு வலிக்குதாம். அழட்டுமா?"

பிள்ளை சட்டுன்னு பொம்மை வாயைப் பொத்துச்சு. "அழுவாத... அழுதா அம்மாவ வெளிய அனுப்பிடுவாங்க."

யார் சொன்னது? அந்த வார்டு நர்ஸ், ரெஜினா சிஸ்டர். இருபது வருஷ சர்வீஸ், தங்கமான மனுஷி. முதல் நாள் ஒரே ஒரு தடவை பிள்ளை வீறிட்டப்ப, அந்த வார்டுல எல்லாரும் சொல்றதைத்தான் அவங்களும் சொன்னாங்க. சொல்லிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்ட்டாங்க. சொன்னது அவங்களுக்கு ஞாபகமே இல்ல. பிள்ளை மறக்கல.

டாக்டரம்மா சொல்லி விஷயம் தெரிஞ்சதும் சிஸ்டர் என்ன செஞ்சிருக்கலாம்? "சும்மா சொன்னேன்"னு சிரிச்சிட்டுப் போயிருக்கலாம். யார் கேக்கப் போறா? ஆனா அந்தம்மா, வார்டே பாக்க, கட்டில் பக்கத்துல முட்டி போட்டாங்க.

"கௌசி... நான் சொன்னது பொய்டா. தப்பு என் மேலதான். அம்மா இங்கயேதான் இருப்பாங்க. நீ அழு."

பிள்ளை அம்மாவைப் பாத்துச்சு... சிஸ்டரைப் பாத்துச்சு... அழுதுச்சு பாருங்க, பத்து நாள் அழுகை. முடிச்சிட்டு, "இட்லி இருக்கா"ன்னு கேட்டுச்சு.

ஒரே நாள்ல எல்லாம் சரியாயிடல. டாக்டரம்மா பல வாரம் வந்து போனாங்க. ஆனா அந்தப் பேச்சை அதுக்கப்புறம் அந்த வார்டுல யாரும் பேச சிஸ்டர் விடல.

ரெஜினா சிஸ்டரை நான் கையெடுத்துக் கும்பிடறேன். எட்டு வயசுப் பிள்ளைகிட்ட "தப்பு என் மேல"ன்னு சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேணும்? நம்மள்ல எத்தனை பேர் பெத்த பிள்ளைகிட்ட அப்படிச் சொல்லியிருக்கோம்? கையைத் தூக்குங்க பாப்போம்... ம்ம், சரி.

ஆஸ்பத்திரியில படுத்திருக்கற பிள்ளைக்கு மனசும் சேந்துதாங்க படுத்திருக்கு. கத்தற பிள்ளைகிட்ட ஊரே ஓடும். சத்தமில்லாம சுவத்தைப் பாத்துட்டு ஒண்ணு படுத்திருக்குமே... அதுகிட்ட போய் உக்காருங்க. "வலிச்சா அழலாம்டா, நாங்க இங்கதான் இருக்கோம்"னு சொல்லுங்க.